காத்தவராயன் அயோத்திதாசர் ஆன கதை: தமிழ்ப் பௌத்தர்களின் பெயர்களும் அவற்றின் அரசியலும்



தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அருகில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். மூட்டு வலிக்கும் தோல் நோய்க்கும் சீட்டு வாங்கக் காலையிலேயே அங்கே வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கு உரியவரைத் தெரியும்? தெரிந்தவர்களிலும் பலருக்கு, அது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் இல்லை என்பது தெரியாது. பெற்றோர் வைத்தது காத்தவராயன்.

ஒரு மனிதன் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வதை இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். புனைபெயர் வைக்கிறோம், இயக்கப் பெயர் வைக்கிறோம், ‘பீம்’ என்றும் ‘சித்தார்த்தன்’ என்றும் ‘கௌதம்’ என்றும் எழுதிக்கொள்கிறோம். ஆனால் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெயரை மட்டும் சூடிக்கொண்டால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

பெயர் யார் கையில் இருந்தது?

மனுதர்மத்தின் 2ஆம் அத்தியாயம் 31ஆம் சுலோகம் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முறையைச் சொல்கிறது. பிராமணன் பெயர் மங்கலமாக இருக்க வேண்டும், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு. அடுத்த சுலோகம் சூத்திரன் பெயரில் ஊழியம் தெரிய வேண்டும் என்கிறது. சூத்திரனுக்கே இதுதான் என்றால், நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற எல்லாப் பெயர்களையும் சாதியின் கணக்கில் எழுதிவிட முடியாது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில், இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்று பெயர் வைக்கும் வழக்கம் பல சாதிகளிலும் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், வைத்த பெயரை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்பதில்தான். முனுசாமி என்று ஆசையாக வைத்த பெயரில் இருந்த ‘சாமி’யை வெட்டிவிட்டு முனியன் என்று கூப்பிட்ட ஊர்கள் உண்டு. அறுபது வயதுக்காரரை ஆறு வயதுப் பையன் பெயர் சொல்லி ‘டேய்’ போட்ட தெருக்கள் உண்டு. நம் பெயர் நம் வாயில் ஒரு மாதிரியும் ஊர் வாயில் வேறு மாதிரியும் இருந்தது.

ஆசிரியரின் பெயரை எடுத்தவர்

1845இல் பிறந்த காத்தவராயன் தமிழும் சித்த மருத்துவமும் கற்றவர். தனக்குக் கல்வி தந்த ஆசிரியர் அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, விட்ட பெயர். காத்தவராயன் நம் மக்களின் கதைப்பாடல்களில் வாழும் தெய்வம். ஆரியமாலை என்ற பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். அது இழிவான பெயர் இல்லை; சாதி கொன்ற ஒருவனின் நினைவைச் சுமக்கும் பெயர். எனவே இழிவிலிருந்து தப்பிக்கப் பெயரை மாற்றினார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டு, எடுத்த பெயர். பிறப்பு வழியை வைத்துத்தான் சாதி ஒருவனை அடையாளம் காண்கிறது: யார் மகன், எந்தத் தெரு? அவரோ தன்னைக் கல்வி வழியால் அடையாளப்படுத்தினார்: நான் யாரிடம் கற்றேன்? பௌத்த சங்கத்திலும் துறவு ஏற்பவர் புதுப் பெயர் பெறுகிறார், ஆசிரியர் வழியில் வைத்து எண்ணப்படுகிறார். பெயரை எடுத்த காலத்தில் அவர் பௌத்தர் ஆகவில்லை. ஆனால் அந்தச் செயலுக்குள் பிறப்பைப் பின்னுக்குத் தள்ளும் எண்ணம் ஏற்கெனவே இருந்தது.

ஒரு மக்களுக்கு என்ன பெயர்?

தன் பெயரை மாற்றியவர் அதோடு நிற்கவில்லை. 1885இல் ஜான் ரத்தினம் அவர்களோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழ். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மக்களைச் ‘சாதி பேதமற்ற திராவிடர்’ என்று பதிய வேண்டும் என்ற கோரிக்கை. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அதே ஆண்டு இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. பெரம்பூர், திருப்பத்தூர், கோலார் தங்கவயல் மாரிக்குப்பம், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர்கள் போன இடங்களிலெல்லாம் கிளைகள் முளைத்தன.

சாக்கியர் என்பது புத்தர் பிறந்த குலத்தின் பெயர். பௌத்தத்துக்கு நாங்கள் புதிதாக மாறி வரவில்லை, எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்புகிறோம் என்பது அந்தப் பெயரின் பொருள். அன்று அரசும் மிஷனரிகளும் பிரம்மஞான சபையும் நம்மைப் ‘பஞ்சமர்’ என்று குறித்தன. அடையாறில் 1894இல் ஆல்காட் திறந்த பள்ளிக்கே பஞ்சமர் பள்ளி என்றுதான் பெயர். பஞ்சமர் என்றால் ஐந்தாமவர். ஐந்தாமவர் என்று ஒப்புக்கொண்டால் முதல் நான்கையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். சாக்கியர் என்ற பெயர் அந்த எண்ணிக்கைக்கே வெளியே நிற்கிறது.

1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. விலையையே பெயரில் வைத்த இதழ். ஓராண்டு கழித்து ‘தமிழன்’ ஆனது. சாதியற்றவனே தமிழன், சாதி பார்ப்பவன் தமிழன் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்ற வாதம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தது. 1911 கணக்கெடுப்பு நெருங்கியபோது, பௌத்தர் என்று பதியுங்கள் என்று அந்த இதழ் வழியாக அவர் வற்புறுத்தினார்.

பழைய பெயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. திருக்குறளைத் திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்று எழுதினார். ஐந்து இந்திரியங்களை வென்ற புத்தரே இந்திரர், அவர் பெயரால் வந்ததே இந்தியா என்று ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் சொன்னார். இன்றைய மொழியியல் இவற்றை ஏற்காது. ஆனால் எழுதப்பட்ட வரலாறு முழுவதும் எதிராளியின் கையில் இருந்தபோது, அவரிடம் இருந்த ஆயுதம் சொல்தான். அவர் சொல்லைப் பிரித்துப் பார்த்தது, அதற்குள் தன் மக்களுக்கு ஓர் இடம் தேடுவதற்காக.

‘பறையன்’ என்று பெயர் வைத்தவர்

இதே காலத்தில் இன்னொரு பாதையும் இருந்தது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் மதுராந்தகத்துக்கு அருகே, கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லைச் சொல்லி அடித்தார்களோ, அதே சொல்லைத் தலைப்பில் போட்டார். ஒளிந்துகொள்ளும் ஒருவனுக்கு உரிமை கிடைக்காது, தன்னை இன்னார் என்று சொல்லி நிமிர்ந்து நிற்பவனுக்கே கிடைக்கும் என்பது அவர் நிலைப்பாடு. அயோத்திதாசருக்கோ அது எதிரி சூட்டிய பெயர், அதை ஏற்கவே கூடாது.

இருவரில் யார் சரி? இன்றும் நம் கூட்டங்களில் இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒருவர் பறையை எடுத்து அடித்து, இது எங்கள் கலை என்கிறார். இன்னொருவர், அந்தத் தொழில் நம் தலையில் கட்டப்பட்டது, தூக்கி எறி என்கிறார். நான் இருவரையும் எதிரெதிராக நிறுத்த மாட்டேன். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: எங்களை என்ன சொல்லி அழைப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம். அந்த உரிமைக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா. அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922இல் அது அரசாணை ஆனது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டங்களைத் துறக்க அங்கே தீர்மானம் போட்டார்கள். மகத்தான செயல். ஆனால் வாலை வெட்டுவது வால் இருந்தவர்களின் வேலை. பட்டமே இல்லாமல், பெயரே பட்டமாக இருந்தவர்கள் செய்ய வேண்டியிருந்தது வேறு: புதிய பெயரை உண்டாக்குவது.

மாற்றாதவர்களும் உண்டு

பௌத்தம் ஏற்றவர்கள் எல்லோரும் பெயரை மாற்றவில்லை. சென்னையின் பௌத்த அறிஞர்களில் முதன்மையானவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. பௌத்தத்தின் சாரம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1907இல் வந்தது. அதன் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். புத்தரைப் பற்றி இவ்வளவு எழுதியவரின் பெயரில் லட்சுமியும் நரசிம்மமும் கடைசிவரை இருந்தார்கள்.

அண்ணலின் பெயரையே பாருங்கள். பீமராவ் என்பதில் மகாபாரதத்துப் பீமன். தந்தை ராம்ஜி. அம்பேத்கர் என்பது அம்படவே என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில், ராமனையும் கிருஷ்ணனையும் வணங்க மாட்டேன் என்று உறுதி எடுத்த பிறகும் அவர் தன் பெயரை மாற்றவில்லை. தான் கட்டியவற்றுக்குத்தான் பெயர் வைத்தார். பம்பாய் வீட்டுக்கு ராஜகிருகம். 1946இல் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர். ஔரங்காபாத் கல்லூரிக்கு, பிக்கு நாகசேனரிடம் கேள்வி கேட்ட மன்னன் மிலிந்தன். மதம் மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் போகும் திசையை அந்தப் பெயர்கள் சொல்லிவிட்டன. இதழ்களும் அப்படியே: 1920இல் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன், 1927இல் ‘பஹிஷ்கிருத் பாரத்’, ஒதுக்கப்பட்ட இந்தியா, 1956இல் ‘பிரபுத்த பாரத்’, விழிப்படைந்த இந்தியா.

அவர் மாற்றாமல் விட்ட பெயரை மற்றவர்கள் பயன்படுத்தவும் பார்க்கிறார்கள். 2018இல் உத்தரப் பிரதேச அரசு, எல்லா ஆவணங்களிலும் அவர் பெயரை ‘பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. ராம்ஜி அவர் தந்தை பெயர்தான், பொய் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் தேடிப் பிடித்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது.

இன்று நாம் வைக்கும் பெயர்

தமிழில் பௌத்தப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. நற்றிணையில் இளம்போதியார் இருக்கிறார். மணிமேகலை பாடிய சாத்தனாரின் பெயரில் உள்ள சாத்தன், புத்தரைக் குறிக்கும் சாஸ்தா என்பதன் தமிழ் வடிவம் என்று மயிலை சீனி. வேங்கடசாமி விளக்கினார். வீரசோழியம் இயற்றியவர் புத்தமித்திரனார். பெயர் மாற்றத்தைத் தனக்கு மட்டும் என்று நிறுத்தாதவரும் உண்டு: தோழர் திருமாவளவன் இராமசாமி என்ற தன் தந்தைக்கே தொல்காப்பியன் என்று பெயர் சூட்டி, ‘தொல்.’ என்பதை முன்னெழுத்தாக்கினார்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: பௌத்தப் பெயர் வைத்தால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்? பெயர் வேறு, சட்டப்படி பதிந்த மதம் வேறு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல்தான் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். அண்ணலோடு பௌத்தம் ஏற்ற தலைமுறை முப்பத்து நான்கு ஆண்டுகள் மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றது. அந்த விலையைக் கொடுத்துத்தான் தங்கள் பிள்ளைகளுக்குக் கௌதம் என்றும் சுஜாதா என்றும் பெயர் வைத்தார்கள். இன்று பெயரை மாற்ற விரும்புகிறவர் அரசிதழில் வெளியிட்டு, எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே எழுத்துகளில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைய நேரும்.

அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறைந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பொதுவெளியில் அவர் பெயரே இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் ‘தமிழன்’ இதழின் பழைய தாள்களைப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து அவர் எழுத்துகள் நூலாக நம் கைக்கு வந்தன. தாள் இருந்ததால் பெயர் திரும்பி வந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். இந்த வாரம் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். பாட்டியின் முழுப் பெயர் என்ன? யார் வைத்தது? ஊர் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டது? ரேஷன் அட்டையில் எப்படி எழுதியிருக்கிறது? தாத்தா பெயரை மாற்றிக்கொண்டாரா, எந்த ஆண்டு, எதற்காக? ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.