தியோடோசியஸ் மதில்கள்

இன்றைய இஸ்தான்புல்லுக்குள் இருக்கும் பழைய நகரத்தின் மேற்கு எல்லையில், மர்மரா கடல் தொடங்கி பொன்கொம்புக் கழியை நோக்கி ஏறக்குறைய 6 கி.மீ. நீளும் அரண். மற்ற பக்கங்களில் கடல் இருந்ததால், பழைய கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தரைவழி ஆபத்து இந்தப் பக்கத்திலிருந்துதான் வர முடியும்.

இரண்டாம் தியோடோசியஸ் சிறுவனாக அரியணையில் இருந்தபோது, அமைச்சர் அந்தேமியஸின் பொறுப்பில் 413இல் அகமதில் எழுந்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு இடையிடையே செங்கல் வரிசைகள். சுமார் 5 மீட்டர் கனம், 12 மீட்டர் உயரம், 96 கோபுரங்கள். 447இல் நிலநடுக்கம் 57 கோபுரங்களைச் சாய்த்தது. ஹூணர் தலைவன் அட்டிலா பால்கன் பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம் அது. அறுபதே நாளில் மதில் மீண்டும் எழுப்பப்பட்டதாக வாயிற்கல்வெட்டு ஒன்று பெருமையோடு சொல்கிறது. பின்னர் புறமதிலும் அகழியும் சேர, அரண் மூன்றடுக்கானது. 626இல் அவார்களும், 717–718இல் அரபுப் படையும் இதைத் தாண்ட முடியாமல் திரும்பினர்.

ஆனால் இந்நகரத்தைக் கொடூரமாக வாட்டிய சாவு முற்றுகையால் வந்ததல்ல. 542இல் கடல்வழியே கொள்ளைநோய் புகுந்தது. அப்போது நகரில் இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர்வரை மாண்டதாக எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், துயரம் மிகையல்ல. புதைக்க இடமில்லாமல், கழிக்கு அக்கரையில் இருந்த சைக்கே கோட்டையின் கோபுரக் கூரைகளைப் பிரித்து, உள்ளே பிணங்களைக் கொட்டி மூடினார்கள். காவலுக்குக் கட்டிய கோபுரங்கள் சவக்குழிகளாயின. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசும்போதெல்லாம் நகரம் நாறியது. பேரரசர் ஜஸ்டினியனையும் நோய் பற்றியது, அவர் பிழைத்துக்கொண்டார்.

1204இல் சிலுவைப்போர் வீரர்கள் தரைமதிலைத் தொடாமல், பொன்கொம்புப் பக்கத்துக் கடல்மதில் வழியே ஏறி நகரைக் கொள்ளையிட்டனர்.

1453 ஏப்ரலில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் முற்றுகையிட்டபோது, ஒர்பான் என்பவர் வார்த்த பெரும் பீரங்கி லைகஸ் ஓடைப் பள்ளத்தாக்கில் மதிலைப் பிளந்தது. பகலில் சரிந்ததை இரவில் மரக்கட்டை, மண் நிரப்பிய பீப்பாய், புதர்க்கட்டு என்று கிடைத்ததைக் கொண்டு பெண்களும் சேர்ந்து அடைத்தனர். மதிலைக் காக்க இருந்தவர்கள் சுமார் 7,000 பேர்; இத்தனை நீள மதிலுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. மே 29 விடியலில் நகரம் வீழ்ந்தது. உயிர்பிழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அடிமைகளாக்கப்பட்டனர்.

1985இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மதில்கள் இடம்பெற்றன. அந்தப் பத்தாண்டில் புதிதாகக் கட்டிச் சேர்த்த சில பகுதிகள் 1999 நிலநடுக்கத்தில் சரிந்தன. அடியிலிருந்த பழைய கட்டுமானம் நின்றது.