கேள்வியைக் கேட்கக் கற்றல்: சென்னையில் ரெஃபரன்ஸ் பணிக் கல்வி வளர்ந்த விதம்

நூலகக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பகுப்பாக்கத்தையும் பட்டியலாக்கத்தையும் சுற்றியே எழுதிவந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நூலின் முதுகில் ஒட்டிய எண் சீட்டும் இழுப்பறையில் அடுக்கிய அட்டையும் நூறாண்டு கழித்தும் கைக்குக் கிடைக்கின்றன. ஒரு வாசகர் வந்து கேட்டதும், நூலகர் தேடிக் கொடுத்ததும் பேச்சோடு போய்விடுகின்றன. ஆனால் நூலகத்துக்கு வருகிற பெரும்பாலோர் நூலகரை அளப்பது அந்தப் பேச்சை வைத்துத்தான். அந்தப் பேச்சுக்கு ஒருவரைத் தயார்செய்யும் ரெஃபரன்ஸ் கல்வி எப்படி உருவானது என்பதைச் சென்னையை மையமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ரெஃபரன்ஸ் கல்வி நூல்களை அறிவதில் தொடங்கி, மெல்ல மெல்ல வாசகரை அறிவதை நோக்கி நகர்ந்தது என்பது அமெரிக்கப் பாடநூல்கள் தரும் சித்திரம். சென்னையில் நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு என்பது என் வாதம். இங்கே வாசகர் முதலில் வந்தார். பாடத்திட்டம் கெட்டிப்பட்டபோது அவர் பின்னுக்குப் போனார்.

சென்னைக்கு வருமுன் அமெரிக்காவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1876 அக்டோபரில் ஃபிலடெல்பியாவில் நூலகர்கள் கூடி அமெரிக்க நூலகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த மாநாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் வொர்செஸ்டர் நகரப் பொது நூலகத்தின் சாமுவேல் ஸ்வெட் கிரீன் ஒரு கட்டுரை வாசித்தார். நூலகருக்கும் வாசகருக்கும் இடையில் நேரடிப் பழக்கம் வேண்டும், கேட்க வருபவர் கூச்சப்படாத அளவுக்கு நூலகர் அணுகக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டுரையில் கணக்கும் இருந்தது: இப்படி உதவி பெற்ற ஊர்மக்கள் நூலகத்துக்குப் பணம் ஒதுக்கத் தயங்கமாட்டார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். ரெஃபரன்ஸ் பணியின் பிறப்புச் சான்றாக இன்று கொள்ளப்படும் அந்தக் கட்டுரையில் நிதி பற்றிய கவலையும் கலந்திருப்பதை நூலகப் பேராசிரியர்கள் அதிகம் சொல்வதில்லை.

மெல்வில் ட்யூயி 1887இல் நியூயார்க்கின் கொலம்பியாவில் தொடங்கிய நூலகப் பள்ளியில் கிரீன் சொன்னதற்குக் கிடைத்த இடம் சிறியது. அட்டை எழுதுவதற்கென்று தனிக் கையெழுத்துகூடப் பழக்கினார்கள். வாசகரோடு பேசப் பழக்கியதாகத் தெரியவில்லை. ரெஃபரன்ஸ் என்றால் அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற பார்வை நூல்களை அறிவது என்றாகிவிட்டது. ட்ரெக்செல் கல்விக்கூடத்தின் ஆலிஸ் குரோகர் 1902இல் வெளியிட்ட பார்வை நூல் வழிகாட்டி அந்த வகுப்பறையின் கருவி. அவருக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்ற கொலம்பியா பல்கலைக்கழக நூலகர் இசடோர் மட்ஜ் அதைப் பதிப்புக்குப் பதிப்பு பெருக்கினார். நூல், அறிவு, முறை என்ற மூன்றும் ரெஃபரன்ஸ் நூலகருக்கு வேண்டும் என்று மட்ஜ் சொன்னார். வகுப்பில் மதிப்பெண் முதலாவதற்குத்தான் கிடைத்தது. ஜேம்ஸ் வையரின் ‘ரெஃபரன்ஸ் வொர்க்’ 1930இல் வந்தபோதுதான், வாசகருக்கு எவ்வளவு தூரம் உதவலாம் என்பதே ஒரு கொள்கைச் சிக்கலாக வகுப்புக்குள் நுழைந்தது. நூல் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வதா, பதிலையே தேடி எடுத்துக் கொடுப்பதா, இரண்டுக்கும் நடுவிலா என்ற மூன்று நிலைகளை அவர் பிரித்துக் காட்டினார்.

இந்த மரபு இந்தியாவுக்கு வந்தது ட்யூயியின் வட்டம் வழியாக. பரோடாவில் 1911இல் பயிற்சி வகுப்பு தொடங்கிய போர்டனும், லாகூரில் 1915இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்காகப் பாடம் நடத்திய ஆசா டான் டிக்கின்சனும் அந்த வட்டத்தைச் சேர்ந்த அமெரிக்க நூலகர்கள். நூலகத்தை நிறுவி ஒழுங்குபடுத்த ஆட்கள் வேண்டும் என்பதே இரண்டு இடங்களிலும் அவசரத் தேவை.

சென்னையின் கதை ஒரு கணித ஆசிரியரிடம் தொடங்குகிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். நேர்காணலுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அத்துறையில் அவருக்கு அதுவரை இருந்த கல்வி என்பார்கள். பின்னாளில் ரெஃபரன்ஸ் பணிக்கு இலக்கணம் எழுதப்போகிறவர் ஒரு பார்வை நூலைப் புரட்டி வேலைக்குச் சேர்ந்தார் என்பது சுவையான பொருத்தம். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டியிருந்த பல்கலைக்கழக நூலகத்துக்கு அன்று வாசகர் கூட்டமும் இல்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பியவரை, லண்டன் போய் வந்தபின் முடிவுசெய்யலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் படித்தார். குராய்டன் நகர நூலகர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டினார். படிப்போடு நிற்காமல் பிரிட்டனின் பல நூலகங்களுக்கு நேரில் போய், வேலை நடக்கும் விதத்தை நின்று பார்த்தார். 1925இல் திரும்பி வந்தவருக்கு வகுப்பறை ஆசை போயிருந்தது.

அவர் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று வாசகர்களை அலமாரிகளுக்கு நடுவே நடமாட விட்டது. ரெஃபரன்ஸ் கல்வியைப் பொறுத்தவரை இதுவே திருப்பம் என்று கருதுகிறேன். மூடிய அலமாரி முறையில் வாசகர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார். சீட்டுக்கு நூல் வருகிறது, அல்லது இல்லை என்ற பதில் வருகிறது. அலமாரி திறந்ததும் தடுமாறி நிற்கும் மனிதர் கண்ணில் படுகிறார். நூலகர் மேசையை விட்டு எழுந்து போக வேண்டியதாகிறது. சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் 1928 டிசம்பரில் நடந்த கல்வி மாநாட்டில் அரங்கநாதன் நூலகவியலுக்கான தம் ஐந்து விதிகளை முதன்முதலில் பொதுமேடையில் வைத்தார்; நூலாக அவை 1931இல் வெளிவந்தன. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்ற மூன்றாம் விதிக்கும், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்ற நான்காம் விதிக்கும் ஆள் பலம் இல்லாமல் பொருளில்லை. நூல்கள் வாய் பேசாதவை, அவற்றுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் அந்நூல் நெடுகிலும் ஓடுகிறது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே சங்கம் கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1930களின் இறுதியில் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. பாடம் நடத்தியவர்கள் பல்கலைக்கழக நூலகத்திலேயே வேலை பார்த்தவர்கள். இந்த ஏற்பாட்டின் பலனை 1940இல் வெளிவந்த ‘ரெஃபரன்ஸ் சர்வீஸ் அண்ட் பிப்ளியோகிராஃபி’யில் பார்க்கலாம். முதல் தொகுதி கோட்பாடு. அரங்கநாதனோடு சேர்ந்து எழுதியவர் சி. சுந்தரம். கே. எம். சிவராமனோடு எழுதிய இரண்டாம் தொகுதி அடுத்த ஆண்டு வந்தது. பார்வை நூல்களின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. குரோகரும் மட்ஜும் தொடங்கிய இடம் இங்கே இரண்டாம் தொகுதிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

முதல் தொகுதியின் வரிசை இன்னும் கவனத்துக்குரியது. நூலகத்துக்குப் புதிதாக வருபவரை எப்படி வரவேற்றுப் பழக்குவது என்பது முதலில். பொதுவான உதவி அடுத்து. அதன் பிறகே இரு பெரும் பிரிவுகள்: பார்வை நூலைப் புரட்டி உடனே சொல்லிவிடக்கூடிய உடனடி ரெஃபரன்ஸ், பல நூல்களில், பல நாள் கூடத் தேட வேண்டிய நெடுந்தேடல் ரெஃபரன்ஸ். தேடலைத் தயாரிப்பு, சேவை, உள்வாங்கல் என்று மூன்று கட்டமாக அரங்கநாதன் பார்த்தார். பதில் கொடுத்ததும் வேலை முடியவில்லை, கிடைத்ததை நூலகம் தன் அறிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது கட்டம்.

இத்தகைய பயிற்சியில் பழகும் வேலையை ஒரு மாதிரிக் கேள்வியை வைத்துக் காட்டலாம். பெரியவர் ஒருவர் வருகிறார். “பழைய பஞ்சாங்கம் ஏதாவது இருக்குங்களா?” என்கிறார். பழக்கமில்லாதவர், பஞ்சாங்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்; சொன்னது பொய்யுமல்ல. பழகியவர், “எந்த வருஷத்துக்குங்க ஐயா? எதுக்காகப் பார்க்கறீங்க?” என்று கேட்பார். பையிலிருந்து ஒரு கிரயப் பத்திரம் வெளியே வரும். அதில் பிரமாதி வருஷம், ஆனி மாதம், தேதி என்று இருக்கும். ஆங்கிலத் தேதி கிடையாது. பெரியவருக்கு வேண்டியது அந்த ஆங்கிலத் தேதி. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருவன. பிரமாதி 1819–20 ஆக இருக்கலாம், 1879–80 ஆகலாம், 1939–40 ஆகலாம். எந்தப் பார்வை நூலும் இந்த இடத்தில் தானாக உதவாது. “முத்திரைத்தாளில் யார் தலை போட்டிருக்குங்க?” என்பது அடுத்த கேள்வி. விக்டோரியா ராணி என்றால் 1879–80. இனிமேல்தான் அலமாரிப் பக்கம் போக வேண்டும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட ‘இந்தியன் க்ரோனாலஜி’ கி.பி. 2000 வரைக்கும் கணக்கிட வழி தருகிறது. ஆனி மாதத் தேதியை அதை வைத்து மாற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலையில் நூலுக்குப் போனது ஒரு நிமிடம் என்றால் மற்றதெல்லாம் பேச்சு.

பெரியவர் பத்திரத்தைப் பற்றிக் கேட்காமல் பஞ்சாங்கத்தைக் கேட்டது ஏன்? நூலகத்தில் இன்னது இருக்கும் என்று அவராகவே ஊகித்து, தம் தேவையை அதற்கேற்ப வெட்டிச் சுருக்கிக்கொண்டார். இந்தச் சுருக்கத்தைக் கோட்பாடாக எழுதியவர் அமெரிக்கரான ராபர்ட் டெய்லர். அவருடைய 1968ஆம் ஆண்டுக் கட்டுரை, தேவை மனத்தில் உருவமின்றித் தோன்றுவதிலிருந்து நூலகத்துக்கு ஏற்றபடி வளைந்து வெளிவருவது வரை நான்கு நிலைகளைப் பிரித்தது. கேட்கப்பட்ட கேள்வி கடைசி நிலையில் இருக்கிறது. நூலகரின் திறமை அதிலிருந்து பின்னோக்கிப் போவதில் இருக்கிறது என்றார். இதற்குப் பிறகே அமெரிக்கப் பள்ளிகளில் வாசகருடனான உரையாடல் தனிப் பாடமாகக் கெட்டிப்பட்டது. 1986இல் ஹெர்னானும் மெக்ளூரும் வாசகர்போல ஆட்களை அனுப்பிச் சோதித்து, சரியான பதில் ஏறக்குறைய 55 விழுக்காடுதான் என்று வெளியிட்டபோது அந்தப் பாடத்துக்கு இன்னும் அவசரம் கூடியது.

சென்னை வழியில் வந்தவர்களுக்கு டெய்லர் சொன்னது புதிதாகப் பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இங்கே நிலைமை மாறியிருந்தது. அரங்கநாதன் 1940களின் நடுவில் சென்னையை விட்டு பனாரஸ், பிறகு டெல்லி என்று போய்விட்டார். அவருடைய கவனம் ஆவணப்படுத்தலை நோக்கித் திரும்பியது. நெடுந்தேடல் ரெஃபரன்ஸின் நீட்சி அது. பெங்களூரில் 1962இல் அவர் அமைத்த பயிற்சி மையம் விஞ்ஞானிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தகவல் தருபவர்களை உருவாக்கியது. சிறந்த வேலைதான். ஆனால் அங்கே கேட்பவர் தம் துறை அறிந்த நிபுணர். பஞ்சாங்கம் கேட்கும் பெரியவர் அல்ல.

பொது நூலகங்களின் பக்கம் வேறு கதை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, வரியோடு சேர்த்து வசூலாகும் நூலகத் தீர்வை, ஊர்ப்புறக் கிளைகள் என்று ஒரு பெரிய வலையைக் கட்டியது. பயிற்சி பெற்ற ஆட்களும் தேவைப்பட்டார்கள். கிளை நூலகத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே நூலகர்: செய்தித்தாள் போடுவதும் அவர், நூல் வழங்குவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர். இந்தச் சூழலுக்கு ஏற்ற ரெஃபரன்ஸ் பாடம் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். கிடைத்ததோ பல்கலைக்கழக நூலகத்துக்காக வகுத்த பாகுபாடுகளின் சுருக்கம். உடனடி ரெஃபரன்ஸுக்கும் நெடுந்தேடல் ரெஃபரன்ஸுக்கும் வேறுபாடு எழுதுக என்ற கேள்விக்குப் பதில் எழுதித் தேறிவந்தவர் மேசையில் உட்காரும்போது, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஒருவர் நிற்பார். தேர்வில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

மொழியும் ஒரு தடை. பார்வை நூல்கள் என்று வகுப்பில் அறிமுகமானவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். ஆனால் தமிழில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஜான் மர்டாக் 1865இலேயே அச்சான தமிழ் நூல்களுக்குப் பொருள்வாரியாகப் பட்டியல் போட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வந்தது. பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இல் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. அரங்கநாதன் சென்னையில் பணியாற்றிய ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வந்தது. எந்தக் கேள்விக்கு இவற்றில் எதை எடுப்பது, எந்த இடத்தில் எது கைவிடும் என்று பழக்குவது ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம். அபிதான சிந்தாமணியில் புராணப் பாத்திரத்தைத் தேடுபவருக்குக் கைமேல் பலன். தேதி தேடுபவர் ஏமாந்துபோவார். இந்த வேறுபாடு ஒருவருக்கு அந்த நூலைப் பத்து முறை புரட்டிய பிறகே கைவரும்.

அரங்கநாதன் தம் ரெஃபரன்ஸ் நூலின் 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் வாசகர் கேட்ட கேள்விகளையும், தேடல் போன பாதையையும், வழி தவறிய இடங்களையும் நிகழ்வுகளாக விவரித்துச் சேர்த்தார். கற்பவருக்கு அதைவிட நல்ல பாடம் வாய்ப்பது கடினம். அப்பகுதியைப் போன்றதொரு தொகுப்பு நம் பொது நூலகங்களின் அனுபவத்திலிருந்து வர வேண்டுமென்றால் மூலச் சான்று வேண்டும். நாள்தோறும் எத்தனை நூல் வழங்கினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஒவ்வொரு கிளையிலும் பதிவேடு இருக்கிறது. தணிக்கைக்கு அது தேவை. யார் என்ன கேட்டார், என்ன கொடுத்தோம், எது கிடைக்கவில்லை என்று எழுதிவைக்கும் பதிவேடு அந்த வரிசையில் சேரவில்லை. இத்துறையின் வரலாற்றைப் பாடத்திட்டங்களையும் பாடநூல்களையும் வைத்தே இதுவரை எழுத நேர்ந்திருப்பதும், இக்கட்டுரை ஒரு மாதிரிக் கேள்வியை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்ததும் அதனால்தான்.