ஊரைவிட்டுப் போக முடிந்த கதை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சனங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போவதை ஊர் நொடித்ததன் அடையாளமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஊர் நொடித்தாலும் போக வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. திருவெண்ணெய்நல்லூரை அடுத்த இருவேல்பட்டை 1916வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகன் தலையில் இறங்கியது. நிலம் கைமாறினால் கடனுக்குக் கட்டுப்பட்ட பண்ணையாளான படியாளும் அதோடு கைமாறினான். இந்தக் கட்டுக்குக் காவலாக இருந்தது ஊர் நிர்வாகம் என்பதே என் கட்சி. வரி வசூலும் சில்லறை வழக்கும் கிராம முன்சீப் கையில். யார் எந்த வயலில் பயிர் வைத்தார் என்று அடங்கலில் எழுதுவது கர்ணம். இரண்டும் பெரும்பாலும் வசதியான குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்த பதவிகள். புறம்போக்கில் குடிசை போட்டவன் இவர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவான்?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1996இல் தனித்தொகுதிகளோடு ஊராட்சித் தேர்தல் நடந்தது. 2006இல் நூறு நாள் வேலை முதல் கட்டத்திலேயே விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. ஆண்கள் வெளியூர் போனாலும் பெண்களுக்கு ஏரி வேலைக் கூலி இருந்தது. 2008இல் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்தவர்கள் கண்டது, பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்து, வெளிவேலை பெருகிய ஊரை.

இதெல்லாம் பம்புசெட்டும் நகரத்துக் கட்டடத் தொழிலும் செய்த வேலை, ஆட்சிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பாதி நியாயம்தான், வெளியே கூலி இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். ஆனால் பண்ணையார் களஞ்சியத்தை நம்பாமல் ரேஷன் அரிசியில் வீட்டைவிட்டுப் போக முடிந்தது சந்தை கொடுத்ததல்ல. சந்தை மட்டுமே விடுவிக்குமென்றால் பழங்குடியினரான இருளர்கள் எப்போதோ விடுபட்டிருக்க வேண்டும். அவர்களும் இதே வட்டாரத்திலிருந்துதான் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போகிறார்கள். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தும் அந்த முன்பணம் பழைய கல்யாணக் கடனின் வேலையைச் செய்கிறது. மனைப்பட்டா இல்லாத, சாதிச் சான்றிதழ் இல்லாத குடும்பங்களே இதில் அதிகம் சிக்குகின்றன. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது; கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துத் தர வேண்டும். அதற்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துவருகிறது.