வன்னிக் கரையும் கடலறிவின் வலைப்பின்னலும்

வன்னி என்றவுடன் பலருடைய உள்ளத்திலே தோன்றுவன குளங்களும் நெல்வயல்களும் அடர்ந்த காடுகளுமேயாம். 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளைப் பற்றிக் கைந்நூல் ஒன்று எழுதி வெளியிட்ட காலந்தொட்டு, வன்னியைக் குளங்களின் நாடாகக் காணும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆயினும் வன்னிக்குக் கடலும் உண்டு. கிழக்கே முல்லைத்தீவின் கரையை வங்காள விரிகுடா தழுவுகின்றது; மேற்கே பூநகரி, கிராஞ்சி, நாச்சிக்குடா ஆகிய ஊர்கள் பாக்குக் குடாவை நோக்கியிருக்கின்றன. வவுனியா மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லையெனினும், அங்கே தோன்றும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குக் கொண்டு சேர்க்கின்றது. முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீரளிக்கும் பேராறோ நந்திக்கடலில் கலக்கின்றது. எனவே வன்னியின் குளமும் கடலும் ஒரே உடலின் இரு உறுப்புகள் எனலாம்.

இக்கடலைப் பற்றிய அறிவு எவரிடம் பிறந்தது? அஃது எங்கே எடுத்துச் செல்லப்பட்டது? எவரிடம் வந்து சேராது நின்றுவிட்டது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வது பயனுடைய வரலாற்று ஆராய்ச்சியாகும். கரையோர வளங்களைப் பேணுவதற்கு நாடுகளும் ஊர்களும் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் வலைப்பின்னல் ஒன்று வேண்டும் என்று இன்று அறிஞர் கூறுகின்றனர். அவ்வலைப்பின்னலின் கதை அண்மையில் தொடங்கியதன்று. அதற்கு நெடிய முன்வரலாறு உண்டு.

முதலாவது அறிவு கரையிலேயே பிறந்தது. வாடை எப்பொழுது எழும், சோழகம் எப்பொழுது தணியும், கொண்டல் வீசினால் எந்த மீன் கரையை நாடும் என்பனவற்றைக் கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கற்று வைத்திருந்தனர். கரைவலை இழுக்கும் இடங்களிலே, நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் கண்டு மீன்கூட்டத்தின் இருப்பிடத்தை உணர்ந்து வலை வளைக்கச் செய்வதற்கு மண்டாடி என்னும் அனுபவசாலி ஒருவர் இருப்பார். எந்தச் சம்மாட்டியின் வலை எந்தப் பாட்டிலே, எந்த முறையிலே இறங்க வேண்டும் என்பதற்கும் வழக்காறுகள் இருந்தன. வளத்தை அறிவதும் வளத்தைப் பங்கிடுவதும் அங்கே ஒன்றாகவே நடைபெற்றன.

இதற்குச் சிறந்த சான்று நந்திக்கடலின் முகத்துவாரமாகும். கோடையிலே வட்டுவாகற் பக்கத்தில் மணற்றிட்டு எழுந்து கடனீரேரியைக் கடலினின்றும் பிரித்துவிடும். மாரி பெய்து நீர் பெருகியதும் அத்திட்டை வெட்டி வழிவிட வேண்டும். மிக முந்தி வெட்டினால் இறால் வளர்வதற்குரிய நீர் வற்றும். பிந்தினால் அயலிலுள்ள வயல்கள் வெள்ளத்தில் மூழ்கும். உழவரின் தேவை ஒன்று, மீனவரின் தேவை வேறொன்று. இரண்டையும் எடைபோட்டு நாள் குறிப்பதற்கு மழையின் அளவு, குளங்களின் நிலை, கடலின் போக்கு ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஊரார் இதனை எழுத்தில் வைக்கவில்லை, நினைவிலே வைத்திருந்தனர். அவ்வறிவின் பெருமையும் குறைபாடும் அதுவே. ஊர் கலைந்தால் அறிவும் கலைந்துவிடும்.

இரண்டாவது அறிவு அரசாங்கத்தின் வருமானத்தைக் கருதிப் பிறந்தது. வன்னிக்கு மேற்கே மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. சில ஆண்டுகளில் சிப்பி மிகுதியாக விளையும். பின்னர்ப் பல ஆண்டுகள் முற்றாக மறைந்துவிடும். இதன் காரணத்தை அறிய விரும்பிய ஆங்கில அரசாங்கம், 1902 ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹேர்ட்மன் என்பவரை அழைத்தது. அவருடைய துணைவராக வந்த ஜேம்ஸ் ஹோணெல் இங்கே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அவ்வறிக்கை இலண்டனில் வெளிவந்தது. நம் கடலின் அடித்தளத்தை அறிவியல் முறையில் விரிவாக ஆராய்ந்த முதற் பெருமுயற்சி இஃதே எனலாம்.

அறிக்கை வெளிவந்து முடிந்த 1906 ஆம் ஆண்டிலேயே முத்துப் பார்கள் கம்பெனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பி வளம் வற்றியது. 1912 இல் அக்கம்பெனி கலைக்கப்பட்டது. சிறந்த அறிக்கை கையில் இருந்தும் வளம் நிலைக்கவில்லை. பார்களை நாள்தோறும் காணும் குளிகாரரின் அறிவும் நூலறிவும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை. செய்தி கரையிலிருந்து தலைநகருக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றது, திரும்பி வரவில்லை.

இதன்பின் 1920 முதல் 1923 வரை ‘லில்லா’ என்னும் இழுவைப் படகு இலங்கையின் கரையோரக் கடல்களை ஆராய்ந்தது. அதன் முடிவுகளை 1926 இல் மல்பாஸ் என்பவர் நூலாக்கினார். வடகிழக்கே பேதுருக் கடற்றிட்டும், குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் கடற்றிட்டும் ஆழ்கடல் இழுவைக்கு ஏற்றவை என்பது அக்காலத்தே தெளிவாகியது. 1941 இல் மீன்பிடித் திணைக்களம் தனியாக அமைந்தது. சுதந்திரத்தின் பின்னர்க் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. 1950 களின் பிற்பகுதியில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் வந்தன. பிடிக்கும் ஆற்றல் வளர்ந்த வேகத்துக்கு, வளத்தைக் கணிக்கும் ஆற்றல் வளரவில்லை.

மூன்றாவது காலத்திலே நாடுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லைகளை வரையறுத்தன. வாட்ஜ் கடற்றிட்டு இந்தியப் பக்கத்தில் அமைந்தது. எல்லை வரையப்பட்டது, மீன்களுக்கோ அவ்வெல்லை தெரியாது. 1978 முதல் 1980 வரை நோர்வே நாட்டு ஆராய்ச்சிக் கப்பலாகிய ‘டொக்டர் பிரித்யோவ் நான்சன்’ இலங்கைக் கடலை மும்முறை சுற்றி ஆராய்ந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 250,000 தொன் மீனை வளங்குன்றாது பிடிக்கலாம் என மதிப்பிட்டது. 1979 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம், சுவீடனின் உதவியுடன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடக்கியது. சிறு மீனவரின் நலமே அதன் நோக்கம். 1981 இல் நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்குரிய சட்டமும், கரையோரம் பேணுதற்குரிய சட்டமும் இலங்கையில் நிறைவேறின. 1982 இல் தென்னாசியச் சுற்றாடல் கூட்டுறவுத் திட்டம் கொழும்பிலே தலைமையிடம் பெற்றது. 1995 இல் தென்னாசியக் கடல்களுக்கான செயற்றிட்டத்தை ஐந்து நாடுகள் ஏற்றுக்கொண்டன. 2003 இல் வங்காள விரிகுடாத் திட்டம் பங்களாதேசம், இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகிய நாடுகளின் கூட்டு நிறுவனமாக மாறியது.

வலைப்பின்னல் இங்ஙனம் உருப்பெற்று வந்த அதே காலத்திலேதான் வன்னிக் கரை அதிலிருந்து அறுந்து போயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே கடலுக்குச் செல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன, ஊர்கள் இடம்பெயர்ந்தன, 1992 இல் இரணைதீவு மக்கள் தம் தீவைவிட்டு வெளியேறினர். பிடிபட்ட மீனை எண்ணுவார் இல்லை; எண்ணினாலும் அவ்வெண் கொழும்பைச் சென்றடைவது அரிதாயிற்று. நான்சன் கப்பல் தந்த கணக்கையே நாட்டின் திட்டங்கள் மிக நீண்ட காலம் மேற்கோளாகக் கொண்டிருந்தன. அக்கப்பலின் பெயரைத் தாங்கிய புதிய கப்பல் 2018 இல் வந்து ஆராய்ந்தபொழுது, இடையிலே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

செய்தி வந்து சேராமையின் விலை யாது என்பதை 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் உலகுக்குக் காட்டியது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபொழுது இலங்கையில் காலை ஏழு மணியாகவில்லை. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. நிலநடுக்கத்தை உலகின் ஆய்வுக்கூடங்கள் பதிவு செய்துவிட்டன. ஆயினும் அச்செய்தி முல்லைத்தீவுக்கு வந்து சேர்வதற்கு வழி இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலே கரையிலும் தெருவிலும் இருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். முல்லைத்தீவு நகரின் கரைப்பகுதி தரைமட்டமாயிற்று. அவ்விரண்டு மணி நேரத்திலே கரையைவிட்டு ஒரு மைல் நடந்திருந்தாலும் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

அதே நாளில் விரிகுடாவின் மறுகரையிலே, புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவ ஊரிலே நிகழ்ந்தது வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி ஊர்களிலே அறிவு நிலையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையினர் வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கணிப்பொறியில் பெற்று, நாள்தோறும் ஒலிபெருக்கியிலே அறிவித்து வந்தனர். நல்லவாட்டிலும் அத்தகைய நிலையம் ஒன்று இருந்தது. அன்று காலை, சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் ஊரை எச்சரித்தார். உடனே நிலையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் கரையைவிட்டு அகன்றனர். அவ்வூரவர் உயிர் தப்பினர். கோடி பெறுமதியான கருவி அங்கே இருக்கவில்லை. ஒரு தொலைபேசியும், ஓர் ஒலிபெருக்கியும், அதன் குரலை நம்பிப் பழகிய மக்களும் இருந்தனர். அந்நம்பிக்கை ஒரே நாளில் உண்டானதன்று. ஆண்டுக்கணக்கில் அலையின் உயரத்தை உள்ளபடி உரைத்து வந்ததனால் விளைந்தது.

பின்னர் நாடுகள் விழித்துக்கொண்டன. 2005 இல் இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை ஒன்றை உருவாக்கியது. 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகள் அவ்வெச்சரிக்கையை வழங்கி வருகின்றன. 2012 சித்திரை 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் நடுங்கியபொழுது, இலங்கையின் கரையோர மக்கள் உரிய காலத்தில் உள்நாட்டுக்கு அகன்றனர். 1964 மார்கழியில் வடபகுதியை ஊடறுத்து வவுனியா வழியாகச் சென்று தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2020 மார்கழி 2 ஆம் நாள் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த ‘புரெவி’ப் புயலையும் ஒப்பிட்டால், எச்சரிக்கையின் பயன் நன்கு விளங்கும்.

ஆபத்தை அறிவிக்கும் வலைப்பின்னல் இங்ஙனம் கரையை எட்டிவிட்டது. வளத்தை அறிவிக்கும் வலைப்பின்னலோ இன்னும் எட்டவில்லை. அதன் விளைவை அண்மைக்காலப் பிணக்குகளிலே காணலாம். இந்திய இழுவைப் படகுகள் எல்லை கடந்து வந்து அடித்தளத்தை வாரிச் செல்வதாக வடபகுதி மீனவர் முறையிடுகின்றனர். இவ்விடயத்தை ஆராய இரு நாடுகளும் 2016 இல் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017 இல் இலங்கை அடித்தள இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டபொழுது, அதனை நம்பி வாழும் மக்கள் தம்மைக் கேட்காது எல்லை குறித்தமையை எதிர்த்தனர். 2022 இல் கிராஞ்சிக் கடற்றொழிலாளர், கடலட்டைப் பண்ணைகளால் தம் தொழிலிடம் சுருங்குவதாகக் கூறிப் போராடினர். கடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இரு தரத்தாரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இல்லாமையே இப்பிணக்குகள் நீள்வதற்கு ஒரு காரணமாகும். கணக்கு இல்லாத இடத்திலே வலியவரின் சொல்லே கணக்காகிவிடும்.

எனவே வேண்டுவது யாது? ஒவ்வொரு இறங்குதுறையிலும் பிடிபட்ட மீனின் இனமும் அளவும் நாள்தோறும் குறிக்கப்படுதல் வேண்டும். அக்குறிப்பைக் கூட்டுறவுச் சங்கமே வைத்திருந்து, படியொன்றைத் திணைக்களத்துக்கு அனுப்புதல் நன்று. குளங்களின் கதவு திறக்கப்படும் நாளை நீர்ப்பாசனப் பொறியியலாளர் முன்கூட்டியே கடனீரேரி மீனவருக்கு அறிவித்தல் வேண்டும். முகத்துவாரம் வெட்டிய நாளும் அதன் பயனும் ஆண்டுதோறும் எழுதப்படல் வேண்டும். ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிவுகள் தெளிந்த தமிழிலே துறைக்குத் திரும்பி வருதல் வேண்டும். கோடியக்கரையிலும் இராமேசுவரத்திலும் எடுக்கப்படும் அளவு முல்லைத்தீவாருக்கும், இங்கே எடுக்கப்படும் அளவு அவர்களுக்கும் தெரிதல் வேண்டும். இருகரையாரும் பேசுவது ஒரே மொழியாதலின், அதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை.

2018 இல் இரணைதீவு மக்கள் இருபத்தாறு ஆண்டுகளின் பின்னர்த் தம் தீவுக்குத் திரும்பினர். சென்றவருள் முதியோர் கடலடியின் மேடுபள்ளங்களை நினைவிலே கொண்டு சென்றனர். இளையோருட் பலர் அக்கடலை முதன்முறையாகக் கண்டனர். அம்முதியோரின் நினைவு இருக்கும்பொழுதே அதனை ஏட்டில் ஏற்றி, ஆராய்ச்சியாளரின் அளவோடு பொருத்திப் பார்த்தல் இத்தலைமுறையின் கடனாகும். கடலின் வளம் குறைந்தால் ஒருகால் மீண்டும் பெருகக்கூடும். அதனை அறிந்தவர் மறைந்தால், அவ்வறிவு மீளாது.