சாம்பலின் வரலாறு

நெய்வேலியின் வரலாறு 1957-இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததிலிருந்து சொல்லப்படுகிறது. அதில் பழுப்பு நிலக்கரிக்கு இடமுண்டு, சாம்பலுக்கு இல்லை. காயப்போட்ட துணியில் படிந்த சாம்பல் கழிவாகவே கணக்கெழுதப்பட்டது. கழிவென்று பெயர் வைப்பதும் அதிகாரம்தான்.

இச்சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். தண்ணி பட்டால் தானே இறுகும். 1970களில் தாவிதோவித்ஸ் 'ஜியோபாலிமர்' என்று பெயரிட்ட சிமெண்ட் இல்லாப் பிணைப்புக்குச் சாம்பலும் மூலப்பொருள். அடுக்கடுக்காக அச்சிட்டு வீடு கட்டும் முறைக்கு வேண்டியதும் இந்தக் குணமே: கலவை குழாயில் ஓடணும், விழுந்ததும் நிக்கணும். 2021-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கான்கிரீட்டால் அப்படியொரு வீடு எழும்பியது.

நாளை சாம்பல் மூலதனமாகும். நிலம் கொடுத்தவங்களுக்கும் சாம்பல் அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் பங்கென்ன? அச்சு ஓடுமுன் கேட்டாக வேண்டும்.