அசுவான் கடன் முறிந்த நாள்

1956 ஜூலை 19 மாலை, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் எகிப்தியத் தூதர் அகமது ஹுசைனை வாஷிங்டனில் சந்தித்து, அசுவான் உயர் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணம் இனி இல்லை என்றார். மறுநாள் பிரிட்டனும் கைவிரித்தது. இவ்விரு நாடுகளின் பங்கை நம்பி நின்ற உலக வங்கியின் 20 கோடி டாலர் கடனும் அத்தோடு விழுந்தது. ஜூலை 26 இரவு அலெக்சாந்திரியாவில் பேசிய எகிப்திய அதிபர் நாசர், சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் முடிவதற்குள் போர் மூண்டுவிட்டது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எது? கடனை மறுக்கும் முடிவு உண்மையில் எந்த நாளில் எடுக்கப்பட்டது? வல்லரசுகள் அணை, துறைமுகம், ரயில்பாதை என்று பணத்தைக் கொண்டு செல்வாக்குத் தேடும் வரலாற்றைப் படிக்கும் எனக்கு, இந்த ஒரு தேதி மிக முக்கியமாகப் பட்டது. தேதி தெரிந்தால் காரணம் தெரிந்துவிடும். ஆகவே ஜூலை 19-இல் தொடங்கி, ஆவணங்களைப் பின்னோக்கிப் படித்தேன்.

முதல் சாட்சி, அன்றைக்கு அமெரிக்க அரசு வெளியிட்ட அறிக்கை. அது இரண்டு காரணங்களைச் சொல்கிறது. நைல் நதி பாயும் மற்ற நாடுகளோடு எகிப்து உடன்பாடு காணவில்லை. அணைக்குத் தன் பங்கைப் போடும் அளவுக்கு எகிப்தின் பொருளாதாரத்துக்கு வலு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் உலக வங்கியின் தாள்கள் வேறு கதை சொல்கின்றன. திட்டம் தொழில்நுட்ப ரீதியில் சரியானது என்று 1955-லேயே வங்கி முடிவுக்கு வந்திருந்தது. அதன் தலைவர் யூஜின் பிளாக் 1956 பிப்ரவரியில் கெய்ரோ சென்று நாசரோடு அடிப்படை உடன்பாடும் கண்டார். ஜூன் மாதம் மீண்டும் போய்வந்து, பின்வாங்கினால் விளைவு கடுமையாக இருக்கும் என்று டல்லஸை எச்சரித்தார். கடன் கொடுக்கும் வங்கியே தயாராக இருந்தபோது, எகிப்தால் தாங்க முடியாது என்ற காரணம் நிற்கவில்லை.

இரண்டாவது சாட்சி அமெரிக்க நாடாளுமன்றம். எகிப்தின் பருத்தி தங்கள் சந்தையைக் கெடுக்கும் என்று தென் மாநில உறுப்பினர்கள் அஞ்சினார்கள். அணிசேரா நாட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும், இஸ்ரேலின் நண்பர்களும் எதிர்த்தார்கள். தன் ஒப்புதல் இல்லாமல் அசுவானுக்குப் பணம் போகக் கூடாது என்று செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு ஜூலையில் கட்டளை போட்டது. வலுவான காரணம்தான். ஆனால் அந்தக் குழு வாய் திறப்பதற்குப் பல வாரம் முன்பே பேச்சுவார்த்தை நகராமல் கிடந்தது.

மூன்றாவது சாட்சியைத்தான் பாடநூல்கள் அதிகம் நம்புகின்றன. 1956 மே 16-இல் எகிப்து மக்கள் சீனத்தை அங்கீகரித்தது, டல்லஸ் சினந்தார், கடன் போயிற்று என்பது அந்தக் கதை. சினந்தது உண்மை. அது அங்கேதான் தொடங்கியது என்பதை நம்ப முடியாமல், இன்னும் பின்னால் போனேன்.

விடை மார்ச் மாதத் தாள்களில் இருக்கிறது. அமெரிக்க அரசு தன் வெளியுறவு ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிடுகிறது. 1956-இன் முதல் ஏழு மாதங்களுக்கான அரபு-இஸ்ரேல் தொகுதி 1989-இல்தான் வெளிவந்தது. அதில் மார்ச் 28 தேதியிட்டு டல்லஸ் அதிபர் ஐசனோவருக்கு எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. ‘ஒமேகா’ என்ற ரகசியப் பெயரால் அறியப்பட்ட திட்டத்தின் அடிப்படை அதுதான். சோவியத் ஒன்றியத்தோடும் உறவாடிக்கொண்டு அமெரிக்காவின் சலுகைகளையும் அனுபவிக்க முடியாது என்பதை நாசருக்கு உணர்த்துவதே நோக்கம் என்று அது சொல்கிறது. அதற்கான வழிகளையும் பட்டியலிடுகிறது. ஆயுத ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்காமல் இருப்பது ஒன்று. எகிப்து கேட்ட தானியத்தையும் எண்ணெயையும் தாமதப்படுத்துவது இன்னொன்று. அதே பட்டியலில், அசுவான் அணைப் பேச்சை முடிக்காமல் இழுத்தடிப்பதும் இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்தே அதைச் செய்யும் என்றும் எழுதியிருக்கிறது.

லண்டன் பக்கமும் இதை உறுதிசெய்கிறது. 30 ஆண்டு விதிப்படி 1987-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அமைச்சரவைத் தாள்களில், நாசருக்கு எதிராகக் கொள்கையைத் திருப்பும் முடிவு 1956 மார்ச் 21-இலேயே இருக்கிறது. சீன அங்கீகாரத்துக்கு அப்போது இன்னும் எட்டு வாரம் இருந்தது.

ஏன் மார்ச்? அந்த மாதத்தில் இரண்டு கதவுகள் மூடின. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சமாதானம் பேச ஐசனோவர் ரகசியமாக அனுப்பிய ராபர்ட் ஆண்டர்சன் வெறுங்கையோடு திரும்பினார். மார்ச் 1-இல் ஜோர்டான் மன்னர் ஹுசைன், தன் படைக்குத் தலைமை வகித்த ஆங்கிலேயத் தளபதி கிளப் பாஷாவை நீக்கினார். அதன் பின்னால் நாசரின் கை இருப்பதாகப் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் நம்பினார். 1955 டிசம்பரில் மேற்கு நாடுகள் அணைக்குப் பணம் தர முன்வந்ததும் அணைக்காக அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் நாசர் செக்கோஸ்லோவாக்கியா வழியாகச் சோவியத் ஆயுதம் வாங்குவதாக அறிவித்தார். அடுத்து அணையும் மாஸ்கோவின் கைக்குப் போய்விடக் கூடாது என்றே அமெரிக்கா 5.6 கோடி டாலரும், பிரிட்டன் 1.4 கோடி டாலரும் முதல் கட்டத்துக்குத் தர முன்வந்தன. சமாதானத்தையும் விசுவாசத்தையும் எதிர்பார்த்துக் கொடுக்க வந்த பணம், அவை கிடைக்காது என்று தெரிந்ததும் நின்றுபோனது.

கடனின் நிபந்தனைகளை ஏற்க நாசர் காட்டிய தயக்கத்துக்கும் வரலாறு உண்டு. எகிப்தின் வெளிக்கடனைத் தான் கண்காணிக்க வேண்டும் என்று உலக வங்கி நிபந்தனை போட்டபோது, அவருக்கு 19-ஆம் நூற்றாண்டு நினைவுக்கு வந்தது. அப்போது எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயில் கடன்மேல் கடன் வாங்கி, 1875-இல் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டனுக்கு விற்றார். பின் அந்நியர் கருவூலத்துக்குள் வந்தார்கள்; 1882-இல் பிரிட்டிஷ் படையே வந்தது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. பிரியோனித் தீவில் யுகோஸ்லாவிய அதிபர் டிட்டோவைச் சந்தித்துவிட்டு நாசரும் நேருவும் ஒரே விமானத்தில் கெய்ரோ திரும்பிக்கொண்டிருந்தார்கள். பயணத்தின்போதே கடன் ரத்தான செய்தி வந்து, நாசர் அதை நேருவிடம் காட்டினார் என்று நாசரின் நெருங்கிய நண்பரான பத்திரிகையாளர் முகமது ஹைக்கல் எழுதியிருக்கிறார்.

அடுத்து மாஸ்கோவின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா விலகிய மறுகணமே சோவியத் பணம் கொட்டியது என்பது பரவலான நம்பிக்கை. தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. முதல் கட்டத்துக்கு 40 கோடி ரூபிள் கடன் தரும் உடன்பாடு 1958 டிசம்பரில்தான் கையெழுத்தானது. வேலை 1960 ஜனவரி 9-இல் தொடங்கியது. 1964 மே மாதம் நைலைத் திருப்பிவிட்டபோது சோவியத் தலைவர் குருஷ்சேவ் நாசரின் பக்கத்தில் நின்றார். 1971 ஜனவரியில் அணையைத் திறந்துவைத்தவர்கள் நாசருக்குப் பின் அதிபரான சதாத்தும் சோவியத் தலைவர் பொத்கோர்னியும்; நாசர் அதற்குமுன் இறந்துவிட்டார். 111 மீட்டர் உயரமும் 12 விசையாழிகளும் கொண்ட அந்த அணை 2,100 மெகாவாட் மின்சாரத்துக்காக அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சதாத் சோவியத் ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றினார். கட்டிக்கொடுத்தவருக்கும் விசுவாசம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவும் நைலை விட்டுப் போகவில்லை. அதன் நீர்வளத் துறைப் பொறியாளர்கள் நதியின் மேற்பகுதிக்குப் போனார்கள். எத்தியோப்பியாவில் நீல நைலை ஆண்டுக்கணக்கில் அளந்து 1964-இல் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் குறித்த இடங்களில் ஒன்று சூடான் எல்லைக்கு அருகில் இருந்தது. அந்தப் பகுதியில்தான் இன்று எத்தியோப்பியாவின் மறுமலர்ச்சி அணை நிற்கிறது. 2025 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. அதன் தண்ணீரைப் பற்றி எகிப்தும் எத்தியோப்பியாவும் இன்னும் உடன்படவில்லை.

இந்தப் பேரங்கள் எதிலும், அந்த நைல் கரையில் வாழ்ந்த நூபியர்களுக்கு இடம் இருக்கவில்லை. அசுவான் நீர்த்தேக்கத்தால் எகிப்திலும் சூடானிலும் ஒரு லட்சம் பேர் வரை ஊரை இழந்தார்கள். அபு சிம்பெல் கோயிலை அறுத்து எடுத்து உயரத்தில் வைக்க உலகமே கூடியது. ஆனால் நூபியர்களுடைய வாடி ஹல்ஃபா நகரம் தண்ணீருக்குள் போயிற்று.

என் தேடலின் முடிவு இது: அசுவான் கடன் ஜூலை 19-இல் முறியவில்லை, மார்ச் மாதமே முறிந்தது. பொருளாதாரம், செனட், சீனா ஆகிய மூன்றும் ஏற்கெனவே எடுத்த முடிவை விரைவுபடுத்தின, அல்லது நியாயப்படுத்தின. டல்லஸின் அந்தக் குறிப்பு அரசுத் தொகுதியில் வெளிவந்தபோது 33 ஆண்டுகள் கடந்திருந்தன. டல்லஸ், ஐசனோவர், ஈடன், நாசர் நால்வரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

இன்று போட்டியாளர்கள் மாறியிருக்கிறார்கள். ஒளிவுமறைவு அப்படியேதான் இருக்கிறது. சீன அரசு நிறுவனங்கள் 24 நாடுகளுக்குக் கடன் கொடுத்த 100 ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 2014-க்குப் பிந்தைய ஒவ்வொன்றிலும் ரகசியம் காக்கும் விதி இருக்கிறது என்று அது காட்டியது. கடனைத் திருப்பிக் கட்டப்போவது மக்கள். ஆகவே வாஷிங்டன் கொடுத்தாலும், பெய்ஜிங் கொடுத்தாலும், டெல்லி கொடுத்தாலும், கையெழுத்தாகும் முன்பே ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் உரிமை கடன் கட்டுகிறவருக்கு உண்டு.