கழற்றிய தண்டவாளம்
ஓசூர் ஸ்டேஷனில் பெங்களூரு வண்டிக்கு நிற்கும் எங்கள் கம்பெனிப் பையன்களிடம், 1913-லேயே இங்கே ரயில் வந்தது என்றால் சிரிக்கிறார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906-ல் போட்ட பாதையைத்தான் ஓசூருக்கு நீட்டினார்கள். அகலம் இரண்டரை அடி. பஞ்ச காலத்தை மனதில் வைத்துப் போட்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை அதற்கும் மூத்தது, 1905. நஷ்டம் என்று சொல்லி ஓசூர் பாதையை 1941-ல், உலகப்போர் நடுவே மூடிவிட்டார்கள்; கிருஷ்ணகிரி பாதையையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சத்துக்குப் போட்ட பாதையில் லாப நஷ்டம் பார்க்கலாமா, சொல்லுங்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு ஓசூருக்கு மீட்டர் கேஜ் வந்தது, பின்பு அகலப் பாதை. ஸ்டேஷன் தமிழ்நாட்டில், நிர்வாகம் ஹூப்ளியில் தலைமையகம் உள்ள தென்மேற்கு ரயில்வேயிடம். கிருஷ்ணகிரி 2004-ல் மாவட்டத் தலைநகர் ஆனது. அங்கே ரயில் மட்டும் இன்னும் திரும்பவில்லை.